ரேடியாலஜி எடுக்கப் போகிறவருக்கு ஹவுஸ் சர்ஜன் வேலை எதற்கு?

மேற்படிப்பில் ரேடியாலஜிதான் (எக்ஸ்ரே, ஸ்கேன் பார்க்கும் துறை) எடுக்கப் போகிறேன், பிறகு எதற்கு வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற ரத்த நாளத்தில் பொருத்தும் சிறு குழாய்) போடவும் தையல் போடவும் கற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், எந்தத் துறை கிடைக்கும் என்பது உங்கள் கையில் மட்டும் இல்லை, ரேங்க்தான் முடிவு செய்யும். மருத்துவ மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பிஜியில் 200 கேள்விகள், எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுப்பவை, செய்முறைத் தேர்வே கிடையாது. அதனால்தான் எம்பிபிஎஸ் முடிவில் ஹவுஸ் சர்ஜனாக வேலை பார்க்கும் இன்டர்ன்ஷிப்பின் 12 மாதத்தில் பலர் வார்டை விட்டுவிட்டு லைப்ரரியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் கவலையாக இருக்கிறது.

சரி, ரேடியாலஜியே கிடைத்தது என்று வையுங்கள். சிடி ஸ்கேனுக்காக கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் மருந்து) ஏற்றிய சில நிமிடங்களில் ஒருவருக்கு உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்து, பிபி சரசரவென்று இறங்கினால் அந்த இடத்தில் இருக்கும் டாக்டர் நீங்கள்தான். பெரியவர்களுக்குத் தொடைத் தசையில் 0.5 மில்லிகிராம் அட்ரினலின் போட்டு, காலைத் தூக்கி வைத்து, ஆக்சிஜன் கொடுத்து, வேகமாக சலைன் ஏற்ற வேண்டும், அதைப் புத்தகத்தில் படித்த கை செய்யாது, பழகிய கைதான் செய்யும். மனநல மருத்துவமும் அப்படித்தான். திடீரென்று உளறும் முதியவருக்கு வந்திருப்பது மனநோயா, சோடியம் குறைவா, சிறுநீர்த் தொற்றா என்று பிரித்தறிய உடல் பரிசோதனை தெரிந்திருக்க வேண்டும்.

படிப்பை விட வேண்டாம். கேஷுவாலிட்டி (அவசர சிகிச்சைப் பிரிவு) இரவு டியூட்டியை மட்டும் யாருக்கும் மாற்றிக் கொடுக்காதீர்கள்.