வாசகர் கேள்வி – பதில்: ஓடுகிற தொட்டியிலிருந்து ஒரு குட்டிக் கடல்

கேள்வி: நண்பரிடம் நான்கு வருடமாக ஓடும் உப்புநீர்த் தொட்டி இருக்கிறது. கல், மணல், தண்ணீர் எல்லாம் தருகிறேன் என்கிறார். ஒன்றரை அடித் தொட்டிக்கு எதை எவ்வளவு வாங்கிக்கொள்ளலாம்?
– வாசகர், திருச்சி

பதில்: தண்ணீரை அவரிடமே விட்டுவிடுங்கள். மீன் கழிவில் வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கல்லிலும் மணலிலும் ஃபில்டர் பஞ்சிலும் ஒட்டி வாழ்பவை. தண்ணீரில் மிதப்பது சொற்பம். பழைய தண்ணீரோடு வந்து சேர்வது நைட்ரேட்டும் பாஸ்பேட்டும்தான், அதாவது பாசிக்குச் சாப்பாடு.

வாங்க வேண்டியவற்றில் முதலிடம் பஞ்சுக்கு. புது ஸ்பான்ஜ் ஃபில்டர் ஒன்றை இன்றே அவர் தொட்டியில் போட்டு ஒரு மாதம் ஓடவிடுங்கள். அடுத்தது கல். 45 × 30 × 30 செ.மீ. தொட்டி கணக்குக்கு 40 லிட்டர். கல்லும் மணலும் போகத் தண்ணீர் 32 லிட்டர்தான் நிற்கும். இதற்கு மூன்று முதல் நான்கு கிலோ கல் போதும். பாதி பழைய தொட்டியிலிருந்து, மீதி புது செராமிக் கல். மணல் 2 செ.மீ. உயரத்துக்கு நான்கு கிலோ. அதில் பழைய மணல் இரண்டு டம்ளருக்கு மேல் வேண்டாம், அதுவும் மேல் ஒரு செ.மீ. மட்டும். அடியில் கறுத்திருக்கும் மணலைக் கிளறினால் அழுகிய முட்டை வாடை வரும். அந்த ஹைட்ரஜன் சல்பைடு மீனைக் கொல்லும்.

கொண்டுவருவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். குழாயில் கழுவினால் நன்னீர் பட்டே பாக்டீரியா மடியும், குளோரின் மிச்சத்தையும் முடித்துவிடும். அழுக்கைப் பழைய தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். கல்லை அதே தண்ணீர் நிரம்பிய வாளியில், பேட்டரி ஏர் பம்ப் போட்டுக் கொண்டுவரலாம். ஒரு மணி நேரத்துக்குள் வீடு வந்துவிடுமென்றால் உப்புநீரில் நனைத்த செய்தித்தாள் சுற்றினாலே போதும். பஞ்சைத் தண்ணீரோடு பையில் இறுக்கிக் கட்ட வேண்டாம். இந்த பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும்.

புதுத் தண்ணீரை முதல் நாளே தயார் செய்துவிடுங்கள். 32 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீருக்கு மரைன் உப்பு (கடல்நீர்த் தொட்டிக்கென்றே விற்கும் உப்புக் கலவை) சுமார் 1.2 கிலோ. தண்ணீரில் உப்பைக் கொட்ட வேண்டும். உப்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் சுண்ணாம்பு படிந்துபோகும். பவர்ஹெட் (தண்ணீருக்குள் வைத்து நீரோட்டம் தரும் சிறு பம்ப்) வைத்து 24 மணி நேரம் கலக்கியபின் ஒப்படர்த்தி 1.025 இருக்கிறதா என்று பாருங்கள். சமையல் உப்பு உதவாது. வீட்டு ஆர்.ஓ.வில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) கூட்டும் திருகு இருந்தால் அதை மூடிவிட்டுப் பிடியுங்கள்.

கேள்வி: கல் போட்ட அன்றே மீன் விடலாம் என்கிறார் கடைக்காரர். விடலாமா?
– வாசகி, மதுரை

பதில்: சோதித்துவிட்டு விடுங்கள். அம்மோனியம் குளோரைடு 2 கிராமை 100 மி.லி. தண்ணீரில் கரைத்து, அதில் 5 மி.லி.யை 32 லிட்டர் தொட்டியில் ஊற்றினால் அமோனியா ஏறக்குறைய 1 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) காட்டும். 24 மணி நேரத்தில் அது சுழியமானால் ஒரு சிறிய மீன் விடலாம். இறங்காவிட்டால் வழியில் கல்லிலிருந்த பாக்டீரியா செத்திருக்கிறது என்று பொருள். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். நைட்ரைட் கொஞ்சம் தெரிந்தால் நன்னீரில் போலப் பதறத் தேவையில்லை, உப்பிலுள்ள குளோரைடு அதன் நஞ்சை மட்டுப்படுத்தும்.

கேள்வி: பழைய தொட்டித் தண்ணீரைப் பாதி ஊற்றி, இரண்டு மீன் விட்டேன். நான்காம் நாள் மேலே வந்து மூச்சு வாங்குகின்றன. அமோனியா 1 காட்டுகிறது.
– வாசகர், சேலம்

பதில்: தண்ணீர் வந்தது, பாக்டீரியா வரவில்லை. மீனை அந்தப் பழைய தொட்டிக்கே திருப்பி அனுப்ப முடிந்தால் உடனே அனுப்புங்கள். முடியாவிட்டால், அதே வெப்பமும் அதே உப்பும் உள்ள தண்ணீரால் பாதியை மாற்றுங்கள். இரண்டு நாள் தீனி வேண்டாம். காற்றைக் கூட்டுங்கள். கடல்நீரின் பி.எச். (கார அளவு) 8.2-ஐ ஒட்டி இருப்பதால், நன்னீரில் மீன் தாங்கும் அமோனியா அளவுகூட இங்கே ஆபத்து.

கேள்வி: தரப்போகும் தொட்டியில் இரண்டு மாதம் முன் வெண்புள்ளி நோய் வந்து குணமானதாம். பரவாயில்லையா?
– வாசகர், கோவை

பதில்: அவசரப்பட வேண்டாம். அந்த ஒட்டுண்ணியின் கூடுகள் கல்லிலும் மணலிலும் ஒட்டிக்கிடக்கும். கொண்டுவந்த கல்லை மீனே இல்லாமல் 76 நாள் ஓட்டுவது வழக்கம். இடையில் துளி அமோனியா கொடுத்து பாக்டீரியாவைப் பட்டினி போடாமல் பாருங்கள். அந்தத் தொட்டியிலேயே செம்பு மருந்து ஊற்றியிருந்தால் கல்லே வேண்டாம். செம்பு அதில் ஊறி, பின்னால் விடும் இறாலையும் நத்தையையும் கொல்லும்.

கேள்வி: ராமேஸ்வரம் கரையில் ஒதுங்கும் பவளக் கல்லை எடுத்துப் போடலாமா?
– வாசகர், பரமக்குடி

பதில்: கூடாது. பவளம் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. செத்த துண்டாக இருந்தாலும் எடுப்பது குற்றம். செராமிக் கல் போதும். மீனிலும் அப்படியே: பொரிப்பகத்தில் வளர்ந்த க்ளவுன் மீனைக் கேட்டு வாங்குங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் அவற்றைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் முறையை உருவாக்கியிருக்கிறது.

கேள்வி: வெயில் காலத்தில் தண்ணீர் 32 டிகிரிக்குப் போகிறது. சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்க வசதியில்லை.
– வாசகி, வேலூர்

பதில்: மூடியைக் கழற்றி, ஒரு சிறு மின்விசிறியை நீர்ப்பரப்பில் சாய்வாக வீசவிடுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே நிற்கும். 32 லிட்டரில் ஒரு லிட்டர் குறைந்தாலே உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கிலிருந்து 36-ஐத் தாண்டும். கண்ணாடியில் கோடு போட்டுவைத்து, தினமும் அதுவரை வெறும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். உப்புத் தண்ணீர் அல்ல.