நாற்காலிய விட்டாச்சு, இனி நான் யாரு?

கேள்வி: ஒரு அமைப்புக்கு இருபது வருஷத்துக்கு மேல தலைவரா இருந்துட்டு போன வருஷம் நானாவே விலகிட்டேன், யாரும் தள்ளல. ஆனா போன் வர்றது நின்னதும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. என்ன பண்றீங்கன்னு யாராவது கேட்டா "முன்னாள்..."னுதான் வாய்ல வருது. இப்ப ஆலோசகரா இருங்கன்னு கூப்பிடறாங்க. போகலாமா?

பதில்: வேணாம். ரெண்டு வருஷத்துக்காவது வேணாம். அவங்க மரியாதைக்கு கூப்பிடறாங்க, நீங்க ஏக்கத்துல போவீங்க, நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கறது புதுசா வந்தவர்தான். 2013ல போப் 16ம் பெனடிக்ட் விலகினாரு, 1415க்கு அப்புறம் ஒரு போப் பதவி விலகினது அப்பதான். ஆனா வெள்ளை அங்கியையும் விடல, போப்ங்கற பேரையும் முழுசா விடல, வாடிகன்லயே தங்கிட்டாரு. அடுத்து போப்பா வந்த பிரான்சிஸ பிடிக்காத ஒரு கூட்டம், பெனடிக்ட்தான் நிஜ போப்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்துச்சு. நீங்க வாயே திறக்காம மூலைல உக்காந்திருந்தாலும் மீட்டிங்ல எல்லார் கண்ணும் உங்க பக்கம்தான் திரும்பும். புது தலைவர் தானா போன் பண்ணி சந்தேகம் கேட்டா சொல்லுங்க, கேட்டதுக்கு மட்டும். அந்த வாட்ஸ்அப் குரூப்ல இன்னும் இருந்தீங்கன்னா இன்னைக்கே வெளிய வந்துடுங்க.

அப்புறம் ஒண்ணு கவனிச்சேன். பதவில என்ன சாதிச்சீங்கன்னு ஒரு வரி கூட எழுதல, போன் வராததத்தான் எழுதியிருக்கீங்க. நாலு பேருக்கு தேவைப்படற ஆளா இருந்தது நின்னுபோச்சு, அதான் வலிக்குது. உள்ள எங்கயோ ஒளிஞ்சிருக்கற "நிஜமான நான்"ங்கற சமாச்சாரத்துல எனக்கு நம்பிக்கை இல்ல, தேடினா கிடைக்காது, எதையாவது செஞ்சாதான் உண்டாகும். அதனால சுத்தமா தெரியாத ஒண்ண கத்துக்க போங்க, நீச்சலோ வயலினோ புது மொழியோ, தனியா ஆன்லைன்ல வேணாம், கிளாஸுக்கே போயி உங்க பழைய பதவி தெரியாத ஆளுங்களோட உக்காந்து உங்க வயசுல பாதி கூட இல்லாத டீச்சர் கிட்ட திட்டு வாங்குங்க. முதல்ல ஈகோ துடியா துடிக்கும், பரவால்ல. அங்கயும் ஒரு சங்கம் ஆரம்பிச்சு அதுக்கு தலைவர் ஆயிடாதீங்க, இந்த வியாதி நிறைய பேருக்கு உண்டு.

வீட்லயும் ஜாக்கிரதை. இத்தன வருஷம் நீங்க இல்லாமலே ஓடின வீடு, இப்ப திடீர்னு சமையல்கட்டுல வந்து நின்னு "இத இப்படி பண்ணலாமே"ன்னா யாருக்கா இருந்தாலும் கடுப்பாகும். ஏதாவது ஒரு வேலைய மொத்தமா உங்க பொறுப்புல வாங்கி சத்தமில்லாம செஞ்சுட்டு போங்க.