கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம்

கேள்வி: என் தம்பி கப்பல்துறையில் ஓர் ஆலையில் மூட்டை இறக்கும் நாட்டாமை வேலை செய்கிறான். ஆட்களை வேலைக்கு அனுப்பும் மேன்பவர் கம்பனி மூலம் போனவன். பின்னுக்கு வந்த போக்லிப்ட் (பாரம் தூக்கும் வாகனம்) மோதி வலது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. ஆலைக்காரர் "அவன் எங்கள் ஆள் இல்லை" என்கிறார். மேன்பவர்காரர் "பாதுகாப்பு ஜாக்கெட் போடாதது அவன் பிழை" என்று சொல்லி, 50,000 ரூபா தருவதாகக் கூறி, இனி எதுவும் கேட்கமாட்டேன் என்ற கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார். என்ன செய்வது?
- ஒரு சகோதரி, மூதூர்

பதில்: சகோதரி, காசு எவ்வளவு அவசரமாக இருந்தாலும் அந்தக் கடிதத்தில் தம்பி கையெழுத்து வைக்க வேண்டாம். இலங்கையின் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி, வேலை நேரத்தில் வேலையின் காரணமாக நடந்த விபத்துக்குத் தொழில்தருநர் நட்டஈடு தர வேண்டும். அவர் பிழை விட்டார் என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. இந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினாலும் அது செல்லாது. ஆனால் அப்படி ஒரு கடிதத்தைக் காட்டி ஏழைப் பிள்ளைகளை வருடக்கணக்கில் அலைய விட்டதைக் கண்டிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

"எங்கள் ஆள் இல்லை" என்பதும் எடுபடாது. தன் தொழிலுக்கான வேலையை ஒப்பந்தக்காரர் மூலம் செய்விக்கும் ஆலையிடமும் நட்டஈடு கேட்கலாம். கொடுத்ததை அது பிறகு மேன்பவரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்.

சரி, ஜாக்கெட்? சாதாரண கவனக்குறைவு உரிமையைப் பறிக்காது. தந்த பாதுகாப்புப் பொருளை வேண்டுமென்றே ஒதுக்கியிருந்தால்தான் சிக்கல். தம்பிக்கு ஜாக்கெட் தந்தார்களா என்று முதலில் கேளுங்கள்.

விண்ணப்பம் வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளருக்கு. போக்லிப்ட் சாரதியின் கவனயீனத்தைக் காட்ட முடிந்தால், கூடுதலான தொகை கேட்டு மாவட்ட நீதிமன்றமும் போகலாம். அதற்குக் காலம் விபத்து நடந்து 2 வருடம். ஆனால் இரண்டு வழியிலும் வாங்க முடியாது. எது நல்லது என்பது கால் எந்தளவுக்குச் சுகமாகிறது என்பதைப் பொறுத்தது. திருகோணமலை சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தில் வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவுவார்கள்.

மூன்று நாளுக்கு மேல் வேலைக்குப் போக முடியாத விபத்தை ஆலை, தொழிற்சாலைப் பரிசோதகப் பொறியியலாளருக்கு அறிவித்திருக்க வேண்டும். அறிவித்தார்களா என்று தொழில் அலுவலகத்தில் கேளுங்கள். பொலிஸ் முறைப்பாடு, நோய் நிர்ணய அட்டை, எக்ஸ்ரே எல்லாவற்றுக்கும் பிரதி எடுங்கள். அப்புறம், கமராப் பதிவு நாள் போகப் போக அழிந்துவிடும். அதைப் பாதுகாத்து வைக்கச் சொல்லி இன்றே ஆலைக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள்.