கடைசி வரிக்குத்தான் முதல் பதில்

நீண்ட பைக் பயணம் முடிந்தால் காதில் ரீங்காரம், மலை ஏறினால் அடைப்பு, அடிக்கடி சேரும் குறும்பி என்று ஒரு பக்கத்துக்கு எழுதிவிட்டு, முடிவில் போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "மூன்று நாளாக இடது காது மந்தம், போனை வலது காதில் வைத்துப் பேசுகிறேன்." காது கேளாமல் போய்விடுமோ என்பதுதானே உங்கள் பயம்? அப்படியானால் கவனிக்க வேண்டியது அந்த வரியைத்தான். உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள் என்று உங்களுக்குத் தனியாகவே சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கே விவரமாக எழுதுகிறேன்.

பயணத்துக்குப் பிறகு இரண்டு காதிலும் ரீங்காரம் கேட்டு, ஓரிரு நாளில் அடங்கினால் அது இரைச்சல் தந்த அயர்ச்சி. ஒரு காது மட்டும் திடீரென மந்தமாவது வேறு. காரணம் வெறும் குறும்பி அடைப்பாக இருக்கலாம்; உள்காது நரம்பின் பாதிப்பாகவும் இருக்கலாம். உங்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தோன்றும். காதுக்குள் கருவி வைத்துப் பார்த்து, ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் சோதனையும் எடுத்தால்தான் எது என்று தெரியும். நரம்பு என்றால் ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் சில நாட்களுக்குள் தொடங்க வேண்டும். 2 வாரம் தாண்டினால் கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். வலி இருக்காது, அதனால்தான் பலர் "சளியாக இருக்கும், தானே சரியாகிவிடும்" என்று காத்திருந்து, தாமதமாக வருகிறார்கள். தலைசுற்றலும் சேர்ந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

நீங்களோ எண்ணெய் காய்ச்சி ஊற்றியிருக்கிறீர்கள். போதாததற்கு, வேறு யாருக்கோ எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து! செவிப்பறையில் ஓட்டை இருந்தால் சில ஆன்டிபயாடிக் சொட்டுகள் உள்காதையே கெடுத்துவிடும். ஓட்டை இருக்கிறதா என்று யாரும் பார்க்காத காதில் எதையும் ஊற்றாதீர்கள். இணையத்தில் படித்துப் பயந்த மூளைக் கட்டி மிக அரிது. தேவையென்றால் மருத்துவரே ஸ்கேன் எழுதுவார்.

மலையில் அடைத்தால் எச்சில் விழுங்குங்கள், திறந்துவிடும். குறும்பி காதுக்குக் காவல். காது குடையும் பட்ஸ் போட்டால் அது இன்னும் உள்ளேதான் போகும்.

ஹெல்மெட் தலையைக் காக்கும், காதை அல்ல. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் தாடைக்குக் கீழே புகும் காற்றின் இரைச்சலே 90 டெசிபலைத் தாண்டும். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்பது வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94 என்றால் 1 மணி நேரம்தான். ஒலியை உணரும் உள்காதின் முடி செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது.

பஞ்சு போதாது. ஃபோம் இயர்பிளக் வாங்குங்கள். அதை விரல்களால் மெல்லிய திரியாக உருட்டுங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துக்கொண்டு அதை உள்ளே நுழைத்துவிடுங்கள். அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். சரியாக உட்கார்ந்தால் உங்கள் குரலே தலைக்குள் முழங்கும். ஹாரன் கேட்காதோ என்று பயப்பட வேண்டாம். காற்றிரைச்சல் அடங்குவதால் அது கேட்கவே செய்யும். பிளக் போட்டு ஓட்ட உங்கள் பகுதிச் சட்டம் அனுமதிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றை மீறிக் கேட்பதற்காக ஹெல்மெட் ஸ்பீக்கரில் பாட்டைக் கூட்டி வைக்கிறீர்களே, அதை முதலில் நிறுத்துங்கள்.