சுயார்ஜித நிலத்தை நெடுஞ்சாலைக்கு எடுத்தால் இழப்பீடு யாருக்கு?

கேள்வி: எங்கள் தந்தை தம் சம்பளத்தில் 1991-ல் கடலூர் அருகே 60 சென்ட் புஞ்சை வாங்கி, 2017-ல் உயில் எழுதாமல் காலமானார். அம்மா, அண்ணன், நான் என மூவர் இருக்கிறோம். பட்டா அண்ணன் பெயரில் உள்ளது. தேசிய நெடுஞ்சாலைக்காக இப்போது நிலத்தை எடுக்கிறார்கள். தந்தையின் அடமானப் பத்திரத்தில் ‘சுயார்ஜிதம்’ (தாமே சம்பாதித்துச் சேர்த்தது) என்றிருப்பதைக் காட்டி, “பூர்வீகச் சொத்தில்தான் பெண்ணுக்குப் பங்கு, பணம் எனக்கே” என்கிறார் அண்ணன். இது சரியா?

பதில்: சரியல்ல.

‘எனக்குச் சுயார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்ட’ என்ற வரிக்கு, அந்த நிலத்தை விற்கவோ உயில் எழுதவோ தந்தைக்கு முழு உரிமை இருந்தது என்பதே பொருள். அவர் உயில் எழுதாததால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் 8-ஆம் பிரிவின்படி அது மனைவி, மகன், மகள் ஆகியோருக்குச் சமமாக இறங்கியது; தந்தையின் தாயார் அன்று உயிரோடு இருந்திருந்தால் மட்டும் நான்கு பங்காகும். (புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சியின்போது இந்துச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் குடும்பங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது.) பட்டா வருவாய்த் துறைக் கணக்கே தவிர, உரிமை ஆவணம் அன்று.

தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3டி பிரிவின்படி நில எடுப்பை உறுதிசெய்யும் அறிவிக்கை அரசிதழில் வந்தவுடன் நிலம் மத்திய அரசைச் சேர்ந்துவிடும் என்பதால், அதன்பின் தங்கள் உரிமை நிலத்தின்மீது அல்ல, இழப்பீட்டின்மீதுதான். எனவே நில எடுப்புத் தனி மாவட்ட வருவாய் அலுவலரிடம் உடனே ஆட்சேப மனு கொடுத்து, வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, 1991 கிரயப் பத்திர நகல், வில்லங்கச் சான்று ஆகியவற்றை இணைத்து, மூன்றில் ஒரு பங்கு தங்களுக்குரியது என்றும் முழுத் தொகையையும் ஒருவருக்கே வழங்கக் கூடாது என்றும் கேளுங்கள். ஒப்புகை பெறாமல் திரும்பாதீர்கள். பங்கீட்டில் தகராறு இருந்தால் அதே சட்டத்தின் 3எச்(4) பிரிவின்படி அந்த அலுவலர் அதனை உரிமையியல் நீதிமன்றத்தின் தீர்ப்புக்கு அனுப்ப வேண்டும். பணம் கைமாறிவிட்டால் அண்ணன்மீது வழக்குத் தொடுத்துத்தான் மீட்க வேண்டியிருக்கும்.

வில்லங்கச் சான்றில் அம்மா கையெழுத்திட்ட விடுதலைப் பத்திரம் (தம் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) ஏதேனும் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அது அம்மாவின் பங்கை மட்டுமே பாதிக்கும், தங்கள் பங்கைத் தொடாது.