அறுத்ததும் பச்சையாக இருக்கிறதே, இது வால்நட்தானா?

கேள்வி: ஒஹாயோவில் வசிக்கிறோம். புயலில் சாய்ந்த மரம் ஒன்றை, பிளாக் வால்நட் என்று சொல்லிப் பக்கத்து வீட்டார் கொடுத்தார்கள். பலகையாக அறுத்தால் உள்ளே பச்சை ஓடிய பழுப்பு. கடையில் பார்த்த சாக்லேட் நிறம் இல்லை. நம்பி மேசை செய்யலாமா?

பதில்: நிறத்தைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம். பிளாக் வால்நட்டின் வைரப்பகுதி (மரத்தின் உள்ளே இருக்கும் கருத்த பகுதி) அறுத்த கையோடு பச்சை கலந்துதான் தெரியும். காற்றுப் பட்டபின் ஊதா கலந்த பழுப்புக்குத் திரும்பிவிடும்.

மரத்தின் சின்னக் கிளை ஏதாவது கிடக்கிறதா பாருங்கள். பென்சில் பருமனில் ஒரு குச்சியைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்தால், நடுச்சோறு (குச்சியின் மையத்தில் உள்ள மென்மையான பகுதி) ஏணிப்படி போலக் குட்டிக் குட்டி அறைகளாக இருக்கும். அந்தச் சோற்றின் நிறம் மங்கலான வெளிர்பழுப்பு என்றால் பிளாக் வால்நட். கரும்பழுப்பு என்றால் அதன் உறவான பட்டர்நட். குச்சி கிடைக்காவிட்டால் பலகையை நகத்தால் அழுத்துங்கள். பட்டர்நட் எளிதில் பள்ளம் விழும். மரத்தின் கடினத்தை அளக்கும் ஜாங்கா அளவில் அது 490, பிளாக் வால்நட் 1010. (நம் வாகையையும் 'ஈஸ்ட் இந்தியன் வால்நட்' என்று விற்பார்கள். அது அவரைக் குடும்பம், வேறு மரம்.)

சரி, வால்நட்தான் என்று தெரிந்துவிட்டால் இன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பலகைகளின் இரண்டு முனைகளிலும் மெழுகோ மிச்சமிருக்கும் பெயின்டோ கனமாகப் பூசிவிடுங்கள். ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக வெளியேறும். பூசாமல் ஒரு வாரம் விட்டால் வெடிப்பு உள்ளே ஓடி, நல்ல பலகை வீணாகும். அப்புறம் நிழலில், இடையிடையே ஒரே கனமான சட்டங்கள் வைத்து அடுக்குங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஓராண்டு காய வேண்டும். அவசரப்படாதீர்கள்.

வீட்டோரத்து மரத்துக்குள் பழைய ஆணி, கம்பி புதைந்திருப்பது சகஜம். இழைப்பதற்கு முன் உலோகம் காட்டும் கருவியை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். ஈரப்பலகையில் இரும்பு பட்டால் கருநீலக் கறை ஊறும்.

தூள் மூக்கையும் தோலையும் உறுத்தும், முகமூடி கட்டாயம். அந்தத் தூளைக் குதிரை லாயத்தில் பரப்பவே கூடாது, குளம்பு நோய் வரும். தக்காளிப் பாத்தியிலும் கொட்டாதீர்கள்.

பலகை ஓரத்தில் பட்டையை ஒட்டிய வெளிர்நிற மரத்தை வெட்டி எறியாமல் மேசையில் ஒரு கோடாக விடுவதே எனக்குப் பிடிக்கும். சாயம் வேண்டாம், எண்ணெய் போதும். வெயில் படும் ஜன்னலோரம் மட்டும் போடாதீர்கள். செர்ரி மரம் நாளாக ஆக இருளும், வால்நட் வெளுக்கும்.