மலிவு விலை பிஎச் மீட்டரை கொம்புச்சாவுக்கு நம்பலாமா?

சென்னையில் வீட்டிலேயே கொம்புச்சா (புளிக்கவைத்த தேநீர்) போடும் நீங்கள் கேட்டது: 600 ரூபாய் பேனா மீட்டர் காலையில் 3.4, மாலையில் 3.9 காட்டுகிறது, தூக்கிப் போட்டுவிடலாமா?

வேண்டாம். பிஎச் எண் ஏறினால் புளிப்புக் குறைகிறது என்று அர்த்தம்; ஆனால் புளித்துக்கொண்டிருக்கும் ஜாடி மாலைக்குள் புளிப்புக் குறைய வழியே இல்லை. நகர்ந்தது மீட்டர்தான். மலிவு மீட்டர்கள் அப்படித்தான், அதனால் ஒவ்வொரு முறையும் அளப்பதற்கு முன் காலிப்ரேட் செய்யுங்கள், அதாவது பிஎச் தெரிந்த கரைசலில் முக்கி மீட்டரைச் சரிசெய்யுங்கள். அந்தக் கரைசலுக்காகக் கூட வரும் பஃபர் தூளைப் பாக்கெட்டில் சொன்ன அளவு டிஸ்டில்டு வாட்டரில் கரைக்க வேண்டும். கேன் தண்ணீர், மெட்ரோ வாட்டர் ஆகாது. முதலில் 6.86 கரைசல், அப்புறம் 4.00 கரைசல். நமக்கு முக்கியம் இந்த 4.00தான்.

மாதிரியை ஒரு டம்ளரில் எடுத்து, நுரை அடங்கும்வரை கலக்கி, அறைச் சூட்டுக்கு வந்தபின் அளந்து பாருங்கள். தானாகச் சூட்டைச் சரிசெய்யும் என்று பெட்டியில் போட்டிருப்பது எலெக்ட்ரோடுக்கு (அளக்கும் முனைக்கு) மட்டும். சூட்டால் பானத்தின் பிஎச்சே மாறுவதை அது சரிசெய்யாது.

என் முதல் மீட்டரை நானே கொன்றேன். கழுவி, துடைத்து, மேசை டிராயரில் போட்டேன். கண்ணாடிக் குமிழ் காய்ந்து, எதில் முக்கினாலும் 7 என்றது. மூடிக்குள் பொட்டாசியம் குளோரைடு கரைசல் சில சொட்டு எப்போதும் இருக்கட்டும். டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போடாதீர்கள், அதுவும் கெடுதல். குமிழைத் தேய்க்காமல் டிஷ்யூவால் ஒற்றுங்கள்.

0.1 பிசகு பெரிதல்ல. ஏழு நாளாகியும் 4.2க்குக் கீழே இறங்காத ஜாடியை மட்டும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.